பி.காம். புத்தகத்தில் ஒரு குதிரை



திருச்சியில் ரேஸ் கோர்ஸ் ரோடு என்று ஒரு சாலை இருக்கிறது. ஸ்ரீரங்கத்திலிருந்து ஒண்ணாம் நம்பர் பஸ் பிடித்து ஜங்ஷன் பக்கம் வந்து, அங்கிருந்து டி.வி.எஸ். டோல்கேட் திசையில் கொஞ்சம் தள்ளிப் போனால் வந்துவிடும். வெள்ளைக்காரன் பட்டாளம் வைத்திருந்த ஊர் இது. பட்டாளம் இருந்த இடத்தில் குதிரை ஓடும், குதிரை ஓடின இடத்தில் பந்தயம் நடக்கும். இன்றைக்கு அங்கே குதிரையும் இல்லை, பந்தயமும் இல்லை. பெயர் மட்டும் மிச்சம். 1951-ல் தொடங்கிய ஜமால் முகமது கல்லூரியின் விலாசமே '7, ரேஸ் கோர்ஸ் ரோடு' என்றுதான் இருக்கும். குதிரைகளின் பெயரில் உள்ள சாலையில் இன்று ஓடுவது பஸ்ஸைத் துரத்தும் மாணவர்கள்தான்!

சின்ன வயதிலிருந்து எத்தனையோ முறை அந்தப் பலகையைப் பார்த்திருக்கிறேன், ஒன்றும் தோன்றியதில்லை. வணிகச் சட்ட வகுப்பில்தான் (நான் தூங்காமல் கேட்ட சில வகுப்புகளில் அதுவும் ஒன்று) குதிரை மறுபடி எதிரே வந்து நின்றது. அதற்குப் பிறகு தேடித் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். சூதாட்டக் கட்டுரை என்று நினைத்து யாரும் பயப்பட வேண்டாம். இது படிப்பைப் பற்றிய கட்டுரை.

பாடத்தில் இருக்கும் குதிரை

1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டம், 30-வது பிரிவு. பந்தயம் கட்டிச் செய்கிற ஒப்பந்தம் செல்லாது என்பது அந்தப் பிரிவு. கிரிக்கெட்டில் யார் ஜெயிப்பார் என்று நானும் நீங்களும் நூறு ரூபாய் கட்டினால், தோற்றவர் தராமல் ஏமாற்றினாலும் கோர்ட்டுக்குப் போக முடியாது. எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அந்தப் பிரிவின் அடியிலேயே ஒரு விதிவிலக்கு இருக்கிறது. குதிரைப் பந்தயத்தில் ஜெயிப்பவருக்குத் தர, 500 ரூபாயோ அதற்கு மேலோ மதிப்புள்ள பரிசுக்குப் பணம் போட்டால் அது சட்டவிரோதம் ஆகாது.

அது என்ன 500 ரூபாய்? இங்கிலாந்தில் 1740-ல் ஒரு சட்டம் போட்டார்கள். 50 பவுனுக்குக் குறைந்த பரிசுக்குக் குதிரைப் பந்தயம் நடத்தக் கூடாது என்று அதில் இருந்தது. சின்னச் சின்னப் பந்தயங்களை ஒழிக்க அந்தச் சட்டம். நம் ஊர் சட்டம் எழுதிய காலத்தில் ஒரு பவுன் ஏறத்தாழ 10 ரூபாய். 50-ஐ 10-ஆல் பெருக்கிப் பாருங்கள். சின்ன ஆள் கட்டினால் தப்பு, பெரிய மனிதர் கட்டினால் கௌரவம். இதை எங்கள் பேராசிரியர் சொல்லவில்லை, நானே கணக்குப் போட்டுக்கொண்டது.

அடுத்தது வருமான வரி. 1961-ஆம் வருடச் சட்டத்தில் 74ஏ என்று ஒரு பிரிவு இருந்தது. பந்தயக் குதிரை வைத்துப் பராமரிப்பதில் நஷ்டம் வந்தால், அதைக் குதிரை வருமானத்தில்தான் கழிக்க முடிந்தது, நான்கு வருஷம் வரை அடுத்த வருஷங்களுக்குக் கொண்டுபோக முடிந்தது. பந்தயத்தில் ஜெயித்த பணத்துக்கு 30 சதவீத வரி 115பிபி பிரிவில் வந்தது. அதைக் கொடுக்கும்போதே பிடித்தம் செய்யச் சொன்னது 194பிபி.

இவ்வளவையும் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தபோதுதான் ஒன்று உறைத்தது. பி.காம். பாடத்தில் குதிரை இருக்கிறது. குதிரையின் முதலாளி இருக்கிறார், அவர் நஷ்டத்தைப் பற்றிச் சட்டம் கவலைப்படுகிறது. பந்தயம் கட்டுகிறவர் இருக்கிறார். ஆனால் விடியற்காலையில் எழுந்து அந்தக் குதிரைக்குத் தீனி வைத்து, தேய்த்துக் குளிப்பாட்டி, ஓட்டிப் பழக்குகிற ஆள் எந்தப் பக்கத்திலும் இல்லை. சரி, பாடத்தில்தான் அவர் இல்லை, பல்கலைக்கழகத்திலாவது அவருக்கு இடம் இருந்ததா? இதுதான் என் கேள்வி.

குதிரையை விற்றவர்கள், வித்தையை விற்கவில்லை

கொஞ்சம் பின்னே போவோம். ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்குக் குதிரை அந்நியம் இல்லை. கோயிலுக்குள் சேஷராயர் மண்டபத்துத் தூண்களில் முன்னங்காலைத் தூக்கி நிற்கும் குதிரைகளைப் பார்க்காத ஸ்ரீரங்கத்துப் பிள்ளை உண்டா? இராப்பத்து எட்டாம் நாள் வேடுபரி உற்சவத்தில் நம்பெருமாள் தங்கக் குதிரை வாகனத்தில் மணல்வெளியில் ஓடி வருவதைத் தாத்தா தோள்மேல் உட்கார்ந்து பார்த்தவன் நான்.

ஆனால் குதிரை இந்த மண்ணின் பிராணி இல்லை. அரபு நாடுகளிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் கப்பலில் வந்த சரக்கு. பாண்டிய ராஜா குதிரை வாங்கக் கொடுத்தனுப்பிய பணத்தை மாணிக்கவாசகர் கோயில் கட்டச் செலவழித்தார் என்ற கதை நமக்குத் தெரியும். அந்தக் கதைக்குப் பின்னால் எத்தனை பெரிய வியாபாரம் இருந்தது என்பதை 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். பாண்டிய மன்னர்கள் வருஷத்துக்கு ஆயிரக்கணக்கில் குதிரை வாங்கினார்கள். அவற்றில் பெரும்பாலானவை வருஷம் முடிவதற்குள் செத்துப் போயின. காரணம், குதிரையைப் பராமரிக்கத் தெரிந்தவர்கள் இங்கே இல்லை. லாடம் கட்டுகிறவர்களையும் குதிரை வைத்தியர்களையும் வியாபாரிகள் இங்கே வர விடவில்லை என்கிறார் அவர். குதிரை செத்தால்தானே அடுத்த வருஷமும் விற்கலாம்!

அவர் எழுதியதில் கொஞ்சம் மிகை இருக்கலாம். ஆனாலும் இதில் ஒரு வணிகவியல் பாடம் இருக்கிறது. குதிரையைவிடக் குதிரையைப் பார்த்துக்கொள்ளும் அறிவுக்கு விலை அதிகம். விற்றவனுக்கு அது தெரிந்திருந்தது.

கிண்டியில் கேட்ட தீர்ப்பு

இப்போது சென்னைக்கு வருவோம். கிண்டியில் 1777-லேயே பந்தயம் தொடங்கிவிட்டது என்பார்கள். இந்தியாவின் பழைய ரேஸ் கோர்ஸ் அது. சென்னை ரேஸ் கிளப் 1896-ல் கம்பெனியாகப் பதிவானது. 1974-ல் கலைஞர் ஆட்சியில் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் வந்தது. பந்தயத்தில் சம்பளத்தைத் தொலைத்துவிட்டு வெறும் கையோடு வீட்டுக்குப் போன மனிதர்கள் நம் ஊர்ப் பழைய சினிமாக்களில் மட்டும் இருந்தவர்கள் அல்ல. அந்தச் சட்டத்துக்கு நியாயமான காரணம் இருந்தது. 1986-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் கிளப்பையே அரசு எடுத்துக்கொள்ள இன்னொரு சட்டம் போட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது.

1996 ஜனவரி 12-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. டாக்டர் கே.ஆர். லட்சுமணன் எதிர் தமிழ்நாடு அரசு என்ற வழக்கு. குதிரைப் பந்தயம் வெறும் அதிர்ஷ்ட விளையாட்டு இல்லை, பெரும்பாலும் திறமையைச் சார்ந்தது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. குதிரையின் வம்சம், அதற்குக் கொடுத்த பயிற்சி, அதன் அன்றைய உடல்நிலை, ஏறுகிற ஜாக்கியின் திறமை எல்லாம் சேர்ந்துதான் முடிவைத் தீர்மானிக்கிறது என்பது வாதம். கிளப்பை எடுத்துக்கொள்ளும் சட்டம் அடிபட்டது. இன்று ஆன்லைன் ரம்மி வழக்கு வரை எல்லோரும் மேற்கோள் காட்டுவது இந்தத் தீர்ப்பைத்தான்.

சட்டம் படிக்கிறவர்கள் இதைப் 'பந்தயம் கட்டுகிறவரின் திறமை' என்று படிக்கிறார்கள். எனக்கு வேறு மாதிரி தோன்றுகிறது. குதிரையைப் பழக்கியதும் ஓட்டியதும் திறமை என்றால், அது யாருடைய திறமை? லாயத்தில் தூங்கி லாயத்தில் எழுந்தவருடையது. அந்தத் திறமையைக் காட்டித்தான் கிளப் வழக்கில் ஜெயித்தது. ஆனால் அந்த ஆளின் கையில் 'உனக்கு இது தெரியும்' என்று ஒரு காகிதம் உண்டா?

குதிரைக்கு உண்டு. இதுதான் வேடிக்கை. இங்கிலாந்தில் 1791-லிருந்து பந்தயக் குதிரைகளின் வம்சாவளியைப் புத்தகமாகவே பதிவு செய்து வருகிறார்கள். இந்தியாவிலும் அப்படி ஒரு பதிவேடு உண்டு. இன்றைய பந்தயக் குதிரை எதுவானாலும், ஆண்வழியில் 300 வருஷத்துக்கு முந்திய மூன்று குதிரைகளில் ஒன்றில் போய் முடியும். குதிரைக்கு அப்பா, தாத்தா, முப்பாட்டன் எல்லாம் எழுத்தில் இருக்கிறது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பவர் எந்த வகுப்பு வரை படித்தார் என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை.

இரண்டு கடிகாரங்கள்

சரி, வேலை பார்த்துக்கொண்டே படிக்க வேண்டியதுதானே என்று கேட்கலாம். நானும் அப்படிக் கேட்டவன்தான். இரண்டாம் செமஸ்டரிலிருந்து காந்தி மார்க்கெட்டில் ஒரு காய்கறி மண்டியில் கணக்கு எழுதுகிறேன். ராத்திரி லாரி வரும். மூன்று மணிக்குப் போனால் சரக்கு இறக்கி, விற்று, சிட்டை போட்டு முடிக்க ஒன்பது ஆகிவிடும். திருச்சிக் கல்லூரிகள் சிலவற்றில் மதிய ஷிஃப்ட் என்று ஒன்று இருப்பதால் என் பிழைப்பு ஓடுகிறது. அப்படியும் போன செமஸ்டரில் 75 சதவீத வருகைப்பதிவு வராமல், அபராதம் கட்டித்தான் பரீட்சை எழுதினேன். வகுப்பில் தூங்குகிறான் என்று பெயர். மூன்று மணிக்கு எழுந்தவன் மூன்று மணிக்குத் தூங்காமல் என்ன செய்வான்?

லாயத்தின் நாளை இதோடு வைத்துப் பாருங்கள். வெயில் ஏறினால் குதிரை களைத்துவிடும். அதனால் எந்த ஊரிலும் பயிற்சி ஓட்டம் விடியலை ஒட்டித்தான் நடக்கும். அதற்கு முன்பே எழுந்து தீனி, சேணம், கடிவாளம். ஓடி வந்த குதிரையை நடக்கவிட்டு ஆறவைத்து, குளிப்பாட்டி, கால்களைத் தடவிப் பார்த்து விட்டால்தான் காலை வேலை முடியும். மதியம் கொஞ்சம் ஓய்வு. சாயங்காலம் மறுபடி தேய்ப்பு, தீனி. குதிரைக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது. எனக்காவது மதியம் முதல் மாலை வரை இருக்கிறது. அவருக்கு நாளின் இரண்டு முனையும் கட்டிப்போட்டிருக்கிறது.

வருஷக் கடிகாரம் இன்னும் மோசம். சென்னையில் பந்தயம் குளிர்காலத்தில். ஏப்ரல் வந்தால் ஊட்டி சீசன், ஜூன் வரை மலையில் என்று இருந்தது. குதிரையோடு ஆளும் போக வேண்டியிருந்தது. நம் பல்கலைக்கழகங்களில் ஏப்ரல், மே என்றால் என்ன நடக்கும்? பரீட்சை! ஜாக்கி ஆக வேண்டும் என்றால் கதை இன்னும் சீக்கிரமே முடிகிறது. உடம்பு ஐம்பது கிலோவுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும், பழக்கம் சின்ன வயதில் தொடங்க வேண்டும். அதாவது நாம் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் பயந்துகொண்டிருக்கிற வயதில் அவன் குதிரை மேல் இருக்க வேண்டும்.

இந்த மாதிரி ஆட்களுக்காகவே நாட்டில் ஒரு கதவு திறந்தது. தபால் வழிக் கல்வி. டெல்லிப் பல்கலைக்கழகம் 1962-ல் தொடங்கியது. தமிழ்நாட்டில் மதுரைப் பல்கலைக்கழகம் 1971-ல், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-ல், சென்னைப் பல்கலைக்கழகம் 1981-ல். கடை ஊழியர், பஸ் கண்டக்டர், போலீஸ்காரர், கல்யாணமாகிப் படிப்பை விட்ட பெண்கள் என்று லட்சக்கணக்கானவர்கள் அந்தக் கதவு வழியாகத்தான் பட்டதாரி ஆனார்கள். உங்கள் தெருவிலேயே ஒருவர் இருப்பார், கேட்டுப் பாருங்கள்.

இங்கே ஒரு ஆச்சரியமான சந்திப்பு. பந்தயக் குதிரை உலகில் தமிழ்நாட்டின் மிகப் பெரிய பெயர் எம்.ஏ.எம். ராமசாமி. சென்னை ரேஸ் கிளப்பின் தலைவராக இருந்தவர், அவருடைய குதிரைகள் நூற்றுக்கணக்கான கிளாசிக் பந்தயங்களை வென்றன. அதே மனிதர்தான் அவருடைய தாத்தா ராஜா சர் அண்ணாமலை செட்டியார் 1929-ல் நிறுவிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் இணைவேந்தராகவும் இருந்தார், 2013-ல் அரசு அந்தப் பல்கலைக்கழகத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளும் வரை. ஒரு கையில் லாயம், இன்னொரு கையில் பட்டம் தரும் பல்கலைக்கழகம். இரண்டும் ஒரே வீட்டில் இருந்தன. ஆனாலும் லாயத்தில் கற்ற வித்தைக்குப் பட்டப்படிப்பு என்று ஒன்று வரவில்லை. லாயத்துக்காரர் படிக்க வேண்டும் என்றால் நம்மைப் போல பி.காமோ பி.ஏ. வரலாறோ தபாலில் படிக்கலாம். தெரிந்ததை விட்டுவிட்டுத் தெரியாததில் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

புனேயில் ஒரு பி.காம்.

குதிரையும் வணிகவியல் பட்டமும் கைகோத்த கதை ஒன்று இந்தியாவில் இருக்கிறது. புனேயில் பூனாவாலா குடும்பம் 1946-ல் தொடங்கிய குதிரைப் பண்ணை. அந்த வீட்டுப் பிள்ளை சைரஸ் பூனாவாலா படித்தது பிருஹன் மகாராஷ்டிரா வணிகவியல் கல்லூரியில், 1966-ல் முடித்தார். பண்ணையில் வயதான குதிரைகளை பம்பாயில் உள்ள ஹாஃப்கின் நிறுவனத்துக்குக் கொடுப்பது வழக்கம். அங்கே குதிரை ரத்தத்திலிருந்து டெட்டனஸ் போன்றவற்றுக்கு எதிர்மருந்து எடுப்பார்கள். குதிரையும் நம்மிடம் இருக்கிறது, மருந்தையும் நாமே செய்தால் என்ன என்று யோசித்து அதே 1966-ல் தொடங்கியதுதான் சீரம் நிறுவனம். பிறகு 1988-ல் புனே பல்கலைக்கழகத்தில் எதிர்மருந்து தயாரிப்பு பற்றியே ஆராய்ச்சி செய்து முனைவர் பட்டமும் வாங்கினார். 2021-ல் நம்மில் பலர் கையை நீட்டிப் போட்டுக்கொண்ட கோவிஷீல்டு ஊசி அந்த நிறுவனத்தில் தயாரானது.

நல்ல கதைதான், எனக்கும் பெருமைதான் (வணிகவியல்காரன் அல்லவா!). ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். லாயத்தில் கண்ணால் பார்த்தது, கல்லூரியில் படித்தது இரண்டும் ஒரு தலைக்குள் சேர்ந்ததால் இத்தனை பெரிய காரியம் நடந்தது. அது முதலாளி வீட்டுப் பிள்ளைக்கு வாய்த்தது. அதே குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்ற வேலைக்காரப் பிள்ளைக்கும் கண் இருந்தது. கல்லூரி இல்லை.

வேறு நாடுகளில் இந்த இரண்டையும் சேர்க்கப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் அரிசோனா பல்கலைக்கழகம் 1970-களிலேயே பந்தயத் துறைக்கென்று ஒரு பட்டப்படிப்பு தொடங்கிவிட்டது. இங்கிலாந்தில் நியூமார்க்கெட்டில் லாய வேலைக்கு முறையான பயிற்சிப் பள்ளி இருக்கிறது. லிவர்பூல் பல்கலைக்கழகம் 2017-ல் குதிரைப் பந்தயத் துறைக்கென்றே ஒரு எம்.பி.ஏ. தொடங்கியது, வேலையை விடாமல் பகுதி நேரமாகவும் படிக்கலாம் என்று. நம் ஊரில் குதிரை பல்கலைக்கழகத்துக்குள் போக இருந்த வழி கால்நடை மருத்துவம். 1903-ல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி பெரிய கல்லூரிதான். ஆனால் அதில் சேர ப்ளஸ் டூவில் எத்தனை மார்க் வேண்டும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

பூட்டின கதவு

2024 ஜூன் மாதம் ஊட்டி ரேஸ் கோர்ஸின் சுமார் 52 ஏக்கர் நிலத்தை, குத்தகைப் பாக்கிக்காக அரசு எடுத்துக்கொண்டது. அதே வருஷம் செப்டம்பர் 9-ஆம் தேதி கிண்டியில் 160 ஏக்கர் நிலத்துக்கு சீல் வைத்தார்கள். 1945-ல் 99 வருஷக் குத்தகைக்குக் கொடுத்த நிலம். ஆண்டு வாடகை சுமார் 614 ரூபாய்! பாக்கி 730 கோடி ரூபாய்க்கு மேல் என்றது அரசு. கிளப் நீதிமன்றம் போனது.

614 ரூபாய்க்கு கிண்டியில் 160 ஏக்கர் என்பதைப் படித்ததும் எனக்கும் கோபம்தான் வந்தது. என் நண்பன் தங்கியிருக்கிற மேன்ஷன் அறைக்கு மாதம் அதைப்போலப் பல மடங்கு கொடுக்கிறான். அந்த நிலம் ஜனங்களுக்குப் பூங்காவாகவும் மழைநீர் தேங்கும் குளமாகவும் ஆவது நல்லதுதான். குதிரைப் பந்தயம் திரும்ப வர வேண்டும் என்று நான் எழுதவில்லை.

ஆனால் பேச்சு எல்லாம் ஏக்கரைப் பற்றியும் கோடியைப் பற்றியுமே இருந்தது. நிலத்துக்கு மதிப்புப் போட்டார்கள். குதிரையை வேறு ஊருக்கு அனுப்பலாம், வம்சாவளிக் காகிதமும் கூடவே போகும். முதலாளிக்கு நஷ்டம் வந்தால் 74ஏ. ஐம்பது வயதில், கால் தடவிப் பார்த்தே குதிரைக்கு எங்கே வலி என்று சொல்லத் தெரிந்த ஒரு ஆள், கதவு பூட்டினால் எதை எடுத்துக்கொண்டு வெளியே வருவார்? உச்ச நீதிமன்றமே திறமை என்று ஒப்புக்கொண்ட அந்தத் திறமையை எந்த ஆபீஸ் கவுண்டரில் நீட்டுவார்?

வேலை பார்த்துக்கொண்டே படிப்பது என்றால் ஏழைப் பிள்ளையின் தியாகம், தாயின் கண்ணீர் என்று மேடையில் பேசுவார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. நான் மண்டியில் கற்றதும் படிப்புதான். எந்த ஊர் லோடு எந்த மாதம் வரும், தக்காளி விலை ஏன் ஒரே ராத்திரியில் விழுகிறது என்பதெல்லாம் என் விலைக் கோட்பாட்டுப் புத்தகத்தில் இல்லை. ஆனால் அது மதிப்பெண் பட்டியலில் வராது என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் அபராதம் கட்டியாவது பரீட்சை எழுதுகிறேன். மண்டி நாளைக்கே வேறு இடத்துக்கு மாறலாம், மூடலாம். காகிதம் கூட வரும்.

போன வாரம் வணிகச் சட்ட மாதிரித் தேர்வில் 30-வது பிரிவு வந்தது. விதிவிலக்கை எழுதச் சொன்னார்கள். பரிசு, பணம் போடுபவர், ஜெயிப்பவர் என்று சட்டத்தில் உள்ளபடியே எழுதிவிட்டு வந்தேன், ஐந்து மதிப்பெண். குதிரையைப் பிடித்துக்கொண்டு நிற்பவரைப் பற்றி எழுதினால் மதிப்பெண் கிடையாது. அதைத்தான் இங்கே எழுதினேன்.

நேரமாகிவிட்டது, மூன்று மணிக்கு லோடு வரும். உங்களில் யாராவது வேலை பார்த்துக்கொண்டே படித்தவர்களாக இருந்தால், உங்கள் கடிகாரம் எப்படி ஓடியது என்று சொல்லுங்கள். தெரிந்துகொள்ள ஆசை.